நைட்டி அம்மா பாராளுமன்றம் போன கதை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னுடைய வருங்கால மாமனார் வாட்ஸப்பில் எடுத்துக் கதைத்தார். மண்டபம் எடுத்த கதை, சமையலுக்கு ஆள் பிடித்த கதை, ரொறன்ரோவில் பனி எப்போது விடும் என்ற கதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, இப்போது நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த நெஞ்சு என்று கேட்டேன். மனிதர் சங்கடப்பட்டுப்போனார். அம்மா உடல்நலக் காரணத்தால் அரசியலை விட்டு ஒதுங்கினவ என்று நீ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நெஞ்சு பரவாயில்லை, முழங்கால்தான் கொஞ்சம் பிசகு என்றேன். அவர் உடனே இரண்டு மூன்று எண்ணெயின் பெயர்களைச் சொன்னார். பக்கத்தில் கதிரையில் இருந்த அப்பா அவற்றைப் பேப்பர் ஓரத்தில் எழுதி எடுத்தார். அடுத்த நாளே ஒன்றை வாங்கிக்கொண்டும் வந்துவிட்டார். இப்போது வீடு முழுக்க அந்த மணம்தான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினையாதே. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் நாங்கள் அங்கே வந்து இறங்கும்போது, உன் மாமனார் விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியோடு வந்து நிற்பார் போலிருக்கிறது. நான் அரசியலுக்குப் போனதும் வந்ததும் எல்லாம் உனக்கு ஃபேஸ்புக் வழியாகத்தான் தெரியும். அங்கே வந்தது பாதி பொய், மீதி எழுத்துப்பிழை. நடந்தது இதுதான். வாசித்து முடிந்ததும் அவருக்கும் கொடு. உனக்கு வரப்போகிறவளுக்கு நீயே வாசித்துக் காட்டு. எந்தக் குடும்பத்துக்குள் வருகிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

இடம்பெயர்ந்து போய் நாரந்தனைக்குத் திரும்பி வந்தபோது நீ சின்னப் பிள்ளை. உனக்கு நினைவிருக்காது. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார் வேலை திரும்பக் கிடைத்தது. என்னிடம் இருந்தது ஒரு தையல் மெசின். பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் பிழைக்கலாம் என்று தொடங்கினேன். ஆனால் தீவுப்பகுதியில் அப்போது பிள்ளைகளைவிடப் பூட்டிக்கிடந்த வீடுகள்தான் கூட. புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சட்டை அளவெடுக்கப் போனால், அளவெடுக்க வேண்டிய பிள்ளைகளைவிட அங்கே படிப்பிக்கிற ஆசிரியர்கள் அதிகமாக நின்றார்கள். அந்த வருசம் வெயிலும் பொல்லாத வெயில். சேலை கட்டிக்கொண்டு குசினிக்குள் நிற்க ஏலாமல், மிச்சமிருந்த யன்னல் சீலையை வெட்டி எனக்கு ஒரு நைட்டி தைத்துப் போட்டேன். அப்பா கண்டதும், இதோடு வெளிவாசலுக்குப் போகவேண்டாம் என்றார். போனேன். அன்று பின்னேரத்துக்குள் நாலு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததில் பெரிய சாதனை ஒன்றும் இல்லை. பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றை எடுத்தோம். வெள்ளைத் துணியை வாங்கிச் சாயம் போட்டு, பூ அடித்து, வெட்டி, தைத்து, மடித்து அனுப்பும்வரை எல்லாம் அங்கேயேதான். முப்பது நாற்பது பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஒரு விசயத்தில்தான் நான் கெட்டிக்காரி. கொழும்புக் கடைகளில் எல், எக்ஸெல், டபிள் எக்ஸெல் என்று அளவு போடுவார்கள். எங்களுடைய பெண்களுக்கு அது பிடிக்காது. தன்னுடைய உடம்பில் எத்தனை எக்ஸ் இருக்கிறது என்று கடைக்காரப் பெடியன் சத்தமாகச் சொல்வதை எந்தப் பெண் விரும்புவாள்? நான் ஒன்றிலிருந்து ஆறுவரை இலக்கம் போட்டேன். ஆறுதான் ஆகப் பெரிய அளவு. கடையில் போய் "ஆறிலை ஒண்டு தாங்கோ" என்றால் அது கணக்குச் சொல்வதுபோல மரியாதையாக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள். தேர்தலில் என்னை வெல்லவைத்தது அதுதான்.

கட்சிச் செயலாளர் எங்களைத் தேடிக் கிட்டங்கிக்கு வந்த நாளில் நான் சாயத் தொட்டியடியில் நின்றேன். முழங்கை வரைக்கும் நீலம். பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று சனம் கதைக்கிறதாம், தீவுப்பகுதிக்கும் ஆள் இல்லையாம், ஆகையால் என்னைப் போடலாமென்று தலைவர் நினைக்கிறாராம். அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் முற்றத்தில் நின்ற, துணி ஏற்றுகிற எங்களுடைய வானைத்தான் பார்த்தது. மேலே ஒலிபெருக்கி பூட்டத் தோதான வான் அது. வெல்லவேண்டிய தேவை எனக்கு இல்லை, நின்றால் போதும் என்று ஆறுதலாகவும் சொன்னார். அப்பா, வேண்டாம் என்று சொல் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அவர் கண்ணைக் காட்டியிருக்காவிட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இங்கே வாக்குச்சீட்டில் கட்சிக்குப் போட்டபிறகு, பிடித்த ஆளின் இலக்கத்துக்கும் விருப்பு வாக்குப் போடவேண்டும். வேட்பாளர்களுக்கு இலக்கம் வந்தபோது எனக்கு விழுந்தது ஆறு.

எங்களுடைய கட்சியில் நின்ற சட்டத்தரணித் தம்பி ஒருவர் தன்னுடைய இலக்கத்தை மக்கள் மனத்தில் பதிக்க எவ்வளவோ செலவழித்தார். பாட்டுக்கூடப் போட்டார். நான் நெடுந்தீவில் ஒரு படலையடியில் நின்று, "பிள்ளை, நான் ஆறாம் நம்பர்" என்று சொன்னதுதான் தாமதம், அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி தன்னுடைய மாமியாரைச் சுட்டிக்காட்டி, "அவவும் ஆறுதான் அக்கா" என்றாள். பிறகு அந்த இலக்கத்தை ஆருக்கும் ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை. ஆண்கள் கூட்டம் போட்டு இனத்தைப் பற்றி, அரசியல் யாப்பைப் பற்றி எல்லாம் கதைத்தார்கள். பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. நைட்டிக்கு மேலே தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்து நின்றுதான் கேட்பார்கள். நான் படலை படலையாகப் போனேன். போன இடமெல்லாம் என்னுடைய பூக்கள்தான் எனக்கு முன்னால் நின்றன. வாக்குக் கேட்கப் போன எனக்குத் தையலைப் பார்க்காமல் இருக்க ஏலவில்லை. ஒரு வீட்டில் கைமடிப்பில் நூல் விட்டிருந்தது. கழற்றித் தா பிள்ளை, தைத்துத் தருகிறேன் என்று அவர்களுடைய மெசினிலேயே குந்திவிட்டேன். என்னோடு வந்த கட்சிப் பெடியங்கள் வெளியே வெயிலில் கொடியோடு நின்றார்கள். அன்று மூன்று ஊர்களுக்குப் போகவேண்டும் என்று திட்டம். ஒரு தெருவைத் தாண்டவில்லை.

எதிர்த்தரப்பு என்னை நைட்டி அம்மா என்று பகிடி பண்ணியது. செயலாளர் பதறிப்போய் மறுப்பு அறிக்கை விடுவோம் என்றார். என்னவென்று மறுப்பது? நான் நைட்டி தைக்கவில்லை என்றோ? விட்டுவிட்டேன். விருப்பு வாக்கு எண்ணி முடிந்த அன்று, கட்சிக்குக் கிடைத்த ஆசனங்களில் கடைசி ஆசனத்துக்கு நானும் சட்டத்தரணித் தம்பியும் நெருக்கிப்பிடித்து நின்றோம். சின்ன வித்தியாசத்தில் நான் உள்ளே, அவர் வெளியே. பிறகு இன்னொரு உறுப்பினர் விலக, அந்த இடத்துக்குத் தம்பியும் வந்து சேர்ந்தார் என்பது வேறு. அப்பா அன்று அலுமாரியைத் திறந்து, எனக்குக் கொழும்புக்குப் போட எத்தனை நல்ல சேலை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். காணாது என்றார். அது அவர் வாழ்த்துச் சொல்லும் முறை.

பாராளுமன்றத்தில் முதல் கிழமை எனக்கு வாசல்களே பிடிபடவில்லை. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் இருந்த தென்பகுதி உறுப்பினர் ஒருவர், என்ன தொழில் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். ஆடை உற்பத்தி என்றேன். அவருக்கு மரியாதை ஏறிவிட்டது. ஏற்றுமதியா என்று கேட்டார். ஓம், கடல் கடந்துதான் போகிறது என்றேன். எந்த நாட்டுக்கு என்றார். நெடுந்தீவுக்கு என்றேன். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பரிமாறுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தக் கட்சிக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றாலும், என்னைக் கண்டால் கூப்பிட்டு அந்தக் கதையை என்னைக் கொண்டே சொல்லவைப்பார். பிறகு அவர் அமைச்சரும் ஆனார். எங்களுடைய கட்சிக்குள் நான் யாருக்கும் தெரியாத ஆள், எதிர்ப்பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஆள். இது தலைவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் ஊரில் ஒரு கிளர்ச்சி. நான் கொழும்பில் நிற்கும் நாட்களில் ஆலையை அப்பா பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற கணித வாத்தியார் சும்மா இருப்பாரோ? துணியை எப்படி மடித்து வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு நைட்டியிலும் கீழே இரண்டு விரற்கடை குறைத்துவிட்டார். எனக்குச் சொல்லவுமில்லை. நான் வேலணையில் முதல் மக்கள் சந்திப்பு வைத்த அன்று மண்டபம் நிறையப் பெண்கள். காணிப் பிரச்சினை, வீட்டுத்திட்டம், குடிதண்ணீர் என்று நான் கொப்பியோடு இருக்கிறேன். முதலாவதாக எழும்பியவர் தன்னுடைய கணுக்காலைக் காட்டினார். "எம்.பி அம்மா, நைட்டி கட்டையாப் போச்சு." மண்டபம் முழுக்க ஓம் ஓம் என்றது. வந்ததில் முக்கால்வாசிப் பேர் அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்கள். கிராம சேவகர் தலையைக் குனிந்துகொண்டு, அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவோடு சண்டைபிடித்தேன். அவர் தாளை விரித்துவைத்து, கணக்குச் சரி என்று நிரூபித்தார். கணக்குச் சரிதான். கணுக்கால்தான் பிழையான இடத்தில் இருந்தது. இரண்டு நாள் ஆலையில் ஒருவரும் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், வெட்டி எறிந்த துண்டுகளைச் சேர்த்துச் சுருக்கு வைத்து அடியில் பூட்டச் சொன்னார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. விற்பனையும் கூடியது. இது ஆரம்பத்திலேயே தான் போட்ட திட்டம், முதலில் குறைத்ததே சுருக்கு வைக்கத்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் ஓம் என்றுதான் சொல்கிறேன். கல்யாணம் கட்டப்போகிற உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்தி இது. அவள் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, அது பிழையே இல்லை என்று சொன்னால், சுருக்கை மட்டும் பார். வடிவாக இருக்கிறது என்று சொல். அவளுக்கும் இதைச் சொல்லு, உன்னோடு வாழ அவளுக்கு அது கூடுதலாகத் தேவைப்படும்.

இனி நீ வெட்கப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை குறிகட்டுவான் ஜெட்டியில், நெடுந்தீவுக்குப் படகு ஏறுகிற துறையில், நின்றேன். நெடுந்தீவுப் படகு அப்போதுதான் வந்து ஆட்களை இறக்கிவிட்டிருந்தது. பட்டணம் போகிற பஸ் இன்னும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. திரேசம்மா என்று எனக்குத் தேர்தல் நேரத்தில் பழக்கமான ஒரு அக்கா மதிலோரமாகக் குந்தியிருந்தார். மனிசன் கடற்தொழில், இவர் மாடு வளர்க்கிறவர். முகம் வாடியிருந்தது. கடையில் ஒரு சோடா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

"ஏனக்கா, விரதமோ?"

"விரதமில்லை, பிள்ளை. பட்டணம் போறன்."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளங்கப்படுத்தினார். படகில் ஒரு மணித்தியாலம், இங்கே பஸ்சுக்குக் காவல், பிறகு பஸ்சில் இன்னொரு மணித்தியாலம். இவ்வளவு தூரத்துக்கும் பெண்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாது. ஆண்களுக்குக் கடல் இருக்கிறது, பற்றை இருக்கிறது. ஆகையால் நெடுந்தீவுப் பெண்கள் பட்டணம் போகிற நாளில் விடியத் தொடங்கித் தண்ணீரே குடிப்பதில்லையாம். அதை ஒரு புதினமாக அவர் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றார். இன்றைக்கு என்ன அலுவல் என்று கேட்டேன்.

"ஆசுப்பத்திரிக்கு. கிட்னியிலை கல்லு. டொக்டர் தண்ணி நல்லாக் குடிக்கச் சொன்னவர்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அந்தச் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வருசக்கணக்காக அந்த ஜெட்டி வழியாக நெடுந்தீவுக்கு நைட்டி அனுப்பினவள் நான். ஆனால் எனக்கு வானும் சாரதியும் இருந்ததால், வீட்டில் இருந்து கிளம்பினால் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவேன். நான் அங்கே பஸ்சுக்குக் காத்துநின்றதே இல்லை.

என்னுடைய கன்னிப்பேச்சு அடுத்த கிழமை. தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார், எட்டு நிமிடத்துக்கு. யாப்பைப் பற்றி நல்ல தமிழில், நான் நாலு முறை வாசித்தும் மூச்சு முட்டுகிற வசனங்கள். என்னுடைய முறை வரும்போது நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது. எந்தப் பாதியை வாசிப்பது என்று தெரியவில்லை. தாளை மூடிவைத்துவிட்டு எழும்பினேன். "கௌரவ சபாநாயகர் அவர்களே, குறிகட்டுவான் ஜெட்டியிலை பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் இல்லை" என்றுதான் தொடங்கினேன். மலசலகூடம் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்தச் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. மொழிபெயர்ப்புக் கருவியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் பாவம், தமிழ் உறுப்பினர் எழும்பினால் என்ன சொற்கள் வரும் என்று ஆயத்தமாக இருந்திருப்பார். கல்லு வந்த பெண் தண்ணீர் குடிக்காமல் ஆசுப்பத்திரிக்குப் போகிற கதையைச் சொன்னேன். சபையில் முதலில் சிரிப்பு, பிறகு சிரிப்பு இல்லை. நேரம் முடிவதற்கு முன்னமே நான் கதிரையில் இருந்துவிட்டேன். அங்கே அப்படி ஒருவரும் செய்வதில்லையாம்.

பின்னேரம் என்னுடைய நெடுந்தீவு ஏற்றுமதிச் சிநேகிதர், அந்த அமைச்சர், வந்தார். தன்னுடைய ஊரும் கடற்கரைதான், தாயாரும் இப்படித்தான் என்றார். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தன்னுடைய அமைச்சின் ஒதுக்கீட்டில் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தும்விட்டார்.

அதே இரவுதான் நீ போன் எடுத்தாய். உன்னுடைய வேலையிடத்தில் எங்களுடைய பெடியங்கள் உன் மேசையில் ஒரு கக்கூஸ் பேப்பர் உருளையை வைத்து, அதைச் சுற்றி மாலையும் போட்டிருந்தார்களாம். "அம்மா, ஒருநாளாவது உரிமையைப் பற்றிக் கதைக்க ஏலாதே?" என்று கேட்டாய். கேட்டதோடு போனை வைத்துவிட்டாய். கனநாள் எடுக்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, தம்பி. ஆனால் அந்த நாட்களில் சாயம் கலக்கும்போது கை பிழைத்துப்போய், ஒரு தொகுதித் துணி முழுக்கச் சேற்று நிறத்தில் வந்தது. அப்பா அதைத் தலையணை உறையாக வெட்டுவித்தார்.

வரவு செலவுத் திட்டத்தில், ஜெட்டிக் கக்கூஸ் சேர்ந்திருந்த அந்த அமைச்சின் ஒதுக்கீட்டுக்கு வாக்கெடுப்பு வந்த நாள். காலையில் எங்களுடைய தலைவரின் பேச்சு நேரத்தில் ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். அவருக்குக் கொதி. அதைக் கண்டித்து, பின்னேர வாக்கெடுப்பில் கட்சி முழுவதும் வெளிநடப்பு என்று முடிவு. எனக்கும் தகவல் வந்தது. சரி என்றும் சொன்னேன். உண்மையில் எழும்பத்தான் நினைத்தேன். மணி அடித்தது. எங்களுடைய ஆட்கள் வரிசையாக எழும்பிப் போகிறார்கள். அப்போது அமைச்சின் செலவுத் தலைப்புகளை வாசிக்கத் தொடங்கினார்கள், எனக்குக் கால் எழும்பவில்லை. சட்டத்தரணித் தம்பி குனிந்து, "அக்கா, எழும்புங்கோ, எல்லாரும் போயிட்டினம்" என்றார். நான் வரவில்லை என்றேன். முழங்காலோ என்று கேட்டார். நல்ல பிள்ளை, கை கொடுத்துத் தூக்கவும் ஆயத்தமாக நின்றார்.

"முழங்காலில்லை, தம்பி. கேட்டது நான். குடுக்கேக்கை எழும்பிப் போறது எப்பிடி?"

என்னுடைய தொழிலில் அது கிடையாது. நீ துணிக்குச் சொல்லிவிட்டாய், லொறி வந்து படலையில் நிற்கிறது. அன்றைக்கு உனக்கு லொறிக்காரனோடு கோபம் என்பதற்காகப் படலையைப் பூட்டினால், பிறகு ஆர் உனக்குத் துணி தருவார்கள்? என்னுடைய ஒரு வாக்கு இல்லாமலும் அது நிறைவேறும் என்று எனக்குத் தெரியும். அரசாங்கத்திடம் வேண்டிய அளவு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எங்களுடைய பக்கத்தில் வெறும் கதிரைகளுக்கு நடுவில் தனியாக இருந்து, பொத்தானை அமத்தினேன். திரையில் எங்களுடைய கட்சியின் பக்கம் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. கண்ணாடி போடாமலே எனக்கு அது தெரிந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கக்கூசுக்குக் கட்சியை விற்றவ என்று எழுதினார்கள். கக்கூஸ் கதவில் என்னுடைய முகத்தை ஒட்டிப் படம் போட்டார்கள். விளக்கம் கேட்டுக் கட்சி கடிதம் அனுப்பியது. நான் நேரிலேயே போனேன். தலைவர் என்னை இருக்கச் சொல்லி, கோபப்படாமல்தான் கதைத்தார். "நீங்கள் நல்ல மனுசி. ஆனால் அரசியலுக்குச் சரிவரமாட்டியள்" என்றார். நான் ஓம் என்றேன். அடுத்த தேர்தலில் என்னுடைய பெயர் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான், தம்பி. நெஞ்சும் இல்லை, ஈரலும் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று நீ எடுத்தாய், நினைவிருக்கிறதோ? தேர்தலைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். என்ன கறி என்று கேட்டாய். சூடை மீன் சொதி என்றேன். கன நேரம் சொதியைப் பற்றிக் கதைத்தோம். அது எனக்குக் காணும். அதற்குமேல் நீ ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

ஒதுக்கின காசு வந்து, அடித்தளம் போட்டு, மழை வந்து, ஒப்பந்தக்காரர் மாறி, ஒருமாதிரி ஜெட்டியடியில் கட்டிடம் எழும்பியது. திறப்புவிழாவுக்கு எனக்கு அழைப்பில்லை. அப்பாவும் நானும் போய்ச் சனத்தோடு நின்றோம். பெயர்ப்பலகையில் நிறையப் பெயர்கள், படித்து முடிக்கவே நேரம் எடுத்தது. என்னுடையது இல்லை. கொழும்பில் இருந்து பெரிய அதிகாரி ஒருவர் நாடா வெட்ட வந்திருந்தார். விடியத் தொடங்கி வாகனத்தில் வந்தவர், முகம் சரியில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை என்று இழுத்துக்கொண்டே போனது. நாடாவை வெட்டினார். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். ஒருவரோடும் கதையாமல் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பார்வையிடுகிறார் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அதிகாரி முகம் மலர்ந்து வெளியே வந்தார். சனம் கைதட்டியது. அப்பா ஆகக் கூடுதலாகத் தட்டினார். அவர் பொதுவாகக் கைதட்டுகிற ஆள் இல்லை.

இது எல்லாம் முடிந்து ஒரு வருசத்துக்கு மேல். போன ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழா நேரம், நெடுந்தீவுக் கடை ஒன்றுக்குப் புது அளவுகள் காட்டப் போகவேண்டியிருந்தது. வான் பழுது. பஸ்சில் போனேன். குறிகட்டுவானில் சனம் என்றால் சொல்ல ஏலாத சனம். படகுக்கு ஒரு வரிசை, அதைவிட நீளமாகப் பெண்கள் கக்கூசுக்கு ஒரு வரிசை. எனக்கும் தேவைப்பட்டது, போய் வாலில் நின்றேன். எனக்கு முன்னால் சாட்டிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர். என்னைத் தெரியாது. வெயில் கொளுத்துகிறது, வரிசை நகரவில்லை. ஒருத்தி தொடங்கினாள். இவ்வளவு சனம் வாற இடத்திலை ரண்டே ரண்டு கட்டியிருக்கினம், ஆரோ ஒரு பொம்பிளை எம்.பிதானாம் கேட்டுக் கட்டுவிச்சது, பொம்பிளையாயிருந்தும் ஒரு அறிவு வேண்டாமோ என்றாள். மற்றவளும் விடவில்லை. கேட்கிறதுதான் கேட்டவ, ஆறாகக் கேட்டிருந்தால் வாய் உளைஞ்சிருக்குமோ என்றாள். பிறகு ஆதரவு தேடி என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, பிழைதானே?" என்றாள்.

நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை யோசித்துப் பார்த்தேன். கூடக் கேட்டால் தரமாட்டார்கள் என்று பயந்து இரண்டு என்று எழுதியது நான்தான்.

"ஓம் பிள்ளை, பிழைதான்" என்றேன். "அவ இன்னும் கூடக் கேட்டிருக்க வேணும்."

அவளுக்குச் சரியான திருப்தி. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டு, இந்த முழங்காலோடு வெயிலில் நிற்கக்கூடாது, முன்னுக்குப் போங்கோ அம்மா என்று என்னைத் தனக்கு முன்னால் விட்டாள். நான் மறுக்கவில்லை. வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

அன்புடன்,
அம்மா